வாய் திறக்காத சிரிப்பு

கே: எங்க ஊர்க்காரர் கமல் நடித்த 'பேசும் படம்' மறுபடி பார்த்தேன். சின்ன வயதில் வயிறு வலிக்கச் சிரித்த படம். இப்போது பாதியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. வயசாகிவிட்டதா?
(வாசகர், பரமக்குடி)

ப: அந்தத் துக்கம் 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தபோதே படத்துக்குள் இருந்தது. அப்போது நாம் கமலை மட்டும் பார்த்தோம். இப்போது அவர் நிற்கும் வேலை வரிசையின் நீளத்தையும் பார்க்கிறோம். பிச்சைக்காரர் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் இருக்கும் காசைக் காட்டி நாயகன் பெருமைப்படுகிறான்; பதிலுக்கு அவர் நோட்டு நோட்டாக எடுத்துக் காட்டுகிறார். சிரித்து முடிக்கிறோம். பிறகு ஒருநாள் அவர் செத்துக் கிடக்கும்போது பணத்தைப் பொறுக்கத்தான் கூட்டம் பாய்கிறது, உடலுக்கு ஆளில்லை. இரண்டுக்கும் ஒரு சொல்கூடச் செலவாகவில்லை. கமலின் 'நாயகன்' படம் வந்ததும் அதே ஆண்டுதான்! ஊரெல்லாம் தன் வசனத்தைப் பேசிக்கொண்டிருந்த ஆண்டில் வாயே திறக்காமல் நடித்த துணிச்சலை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

கே: 'பேசும் படம்' போட்டுக் காட்டினேன். என் மகன் பத்து நிமிஷத்தில் போனை எடுத்துவிட்டான். என்ன செய்ய?
(வாசகி, கீழக்கரை)

ப: கோபப்படாதீர்கள். வசனப் படத்தைக் காதால் கேட்டுக்கொண்டே போனையும் பார்க்கலாம். இதில் கண்ணை எடுத்தால் கதை போச்சு. அவன் பழகாத வேலை அது. தூங்கும் காட்சியிலிருந்து போட்டுக் காட்டுங்கள். நாயகன் குடியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் சினிமாக் கொட்டகை. சண்டைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன். பெரிய ஓட்டலின் மெத்தையில் படுத்தால், அமைதியில் தூக்கம் வரவில்லை. கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்து ஓடவிட்டுத்தான் தூங்குகிறான். ரீல்ஸ் சத்தத்தில் தூங்கும் பிள்ளைக்கு இது புரியாமலா போகும்? ஒன்று மட்டும்: பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

கே: 'பேசும் படம்' நாயகன், குடித்துக் கிடந்த பணக்காரரைத் தூக்கிப் போய்க் கட்டிப்போட்டு, அவர் பணத்தில் ஓட்டல் வாழ்க்கை. இன்றைக்கு இதற்குச் சிரிக்கலாமா?
(வாசகர், மண்டபம்)

ப: நியாயமான கேள்வி. அவர் கழிவைப் பரிசுப் பொட்டலமாகக் கட்டித் தொலைக்கும் நகைச்சுவை எனக்கு அன்றும் ருசிக்கவில்லை. ஆனால் படம் அவனைத் தப்பவிடவில்லை. திருடிய வாழ்க்கையோடு அதற்குரிய எமனும் சேர்ந்து வருகிறான்: பனிக்கட்டிக் கத்தியோடு கொலையாளியாக டினு ஆனந்த். குத்தியபின் கத்தி உருகிவிடும், தடயம் இருக்காது என்பது திட்டம், குத்துவதற்குள் உருகிவிடுகிறது. கடைசியில் நாயகன் அந்த மனிதரை விடுவித்து, நாயகி அமலாவிடம் உண்மையையும் ஒப்புக்கொண்டு, பழைய வரிசைக்கே திரும்புகிறான். தான் செய்தது தப்பு என்று தெரிந்த நாயகனோடு எனக்குச் சண்டையில்லை.

கே: பிரெஞ்சுக்காரர் தாத்தி படத்தைப் பார் என்கிறான் நண்பன். பார்க்கலாமா?
(வாசகர், தங்கச்சிமடம்)

ப: இன்றைக்கே பாருங்கள். ழாக் தாத்தியின் 'மொஸ்யே யூலோவின் விடுமுறை', 1953. சேன் மார்க் என்ற கடலோர ஊருக்கு லீவுக்கு வரும் ஒரு நெட்டையான, நல்ல மனிதர், கதை அவ்வளவுதான். பேச்சு இருக்கிறது, ஆனால் அலைச் சத்தம் மாதிரி பின்னால் போய்க்கொண்டிருக்கும். சாப்பாட்டு அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் 'டொய்ங்' என்கிறது. முதலில் எரிச்சல், பிறகு அதற்காகவே காத்திருப்போம். ரயில்வே பிளாட்பாரக் காட்சியில் ஒலிபெருக்கி என்ன சொல்கிறதென்று ஒருவருக்கும் விளங்காமல் கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். ராமேசுவரத்துக்கு ரயிலேறிய யாருக்கும் அதற்கு சப்டைட்டில் வேண்டாம்.

சிரிக்க வேண்டிய இடத்தை தாத்தி விரல் நீட்டிக் காட்டுவதில்லை. கேமராவைத் தள்ளி வைத்துவிடுவார், தேடிக்கொள்ள வேண்டியது நாம். அடிவாங்க ஒருவரை வைத்தே சிரித்துப் பழகிய நமக்கு முதல் அரைமணி நேரம் வெறுமையாகத் தெரியும். தாண்டிவிடுங்கள். 'மிஸ்டர் பீன்' உருவாக யூலோ ஒரு தூண்டுதல் என்று ரோவன் அட்கின்சனே சொல்லியிருக்கிறார். யூலோவிடம் பீனின் குறும்பு கிடையாது; அவர் உதவப் போய்த்தான் எல்லாம் கவிழும். அந்தக் கடற்கரையில் இன்று அவருக்குச் சிலை நிற்கிறது.

கே: நம்ம ராமேசுவரத்தில் அப்படி ஒரு படம் எடுக்க முடியுமா?
(வாசகி, ராமேசுவரம்)

ப: எடுக்க வேண்டும்! அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த ஒரு குடும்பம் 22 தீர்த்தத்துக்கும் ஓடுவதைத் தள்ளி நின்று படமெடுத்தால் போதும். கிணற்றுமேல் வாளியோடு நிற்பவரின் தாளம், தலையில் தண்ணீர் விழும்போது ஒவ்வொரு மொழியிலும் வரும் ஒரே 'ஆ', ஈரத் தரையில் பாட்டியைப் பிடிக்கப் போய்த் தானே வழுக்கும் மருமகன், அடுத்த கிணறு எதுவென்று கேட்டால் எல்லாரும் ஒவ்வொரு திசையைக் காட்டுவது. யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. பக்தியும் கெடாது. அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வருவதற்குமுன், மணலில் குலுங்கிய வேனுக்குள் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து சொந்தக்காரர்களாக இறங்கினார்களே, தாத்தி கண்ணில் பட்டிருந்தால் அதற்கே ஒரு ரீல் ஒதுக்கியிருப்பார்.

கே: சிங்கீதமா, தாத்தியா?
(வாசகர், ஏர்வாடி)

ப: கதைக்குச் சிங்கீதம். காற்று வாங்க தாத்தி.

கே: 'பேசும் படம்' முடிவில் அமலா ரோஜாவோடு எறிந்த தாள் பறந்து சாக்கடையில் விழுகிறதே. முகவரியைப் படிக்க விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?
(வாசகி, பாம்பன்)

ப: நானும் அந்தத் தாளைப் பிடிக்க நாற்காலியிலிருந்து எழுந்தவன்தான். படித்திருந்தால் இன்னொரு பணக்கார வீட்டு வாசல் அவனுக்குத் திறந்திருக்கும், இந்த முறை அதிர்ஷ்டத்தால். சிங்கீதம் அதைக் கொடுக்க மறுத்து, ரோஜாவை மட்டும் கையில் விட்டு, அவனை வரிசையில் நிறுத்திவிட்டார். வேலை கிடைத்தபின் அவனே தேடிப் போவான் என்று நான் நம்புகிறேன்.