மூத்த மருமகனின் கடல் பயணம்

சம்மாந்துறையைச் சுற்றி வயல்தான். கடல் பார்க்க வேண்டுமென்றால் அம்பாறை வீதியில் கிழக்கே போய்க் காரைதீவுச் சந்தியைத் தாண்டினால் போதும். மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலப் பயணம். இதை மூத்த மருமகனிடம் சொல்லிப் பாருங்கள்.

"காரைதீவுக் கடலுக்குப் போறத ட்ரிப் எண்டு சொல்லேலுமா?"

நிந்தவூர் எப்படி என்று கேட்டால், அங்கே கரையைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது என்பார். ஒலுவில்? 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயையே மண் மூடிய இடம், அங்கே பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்பார். ஆக, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி எல்லாம் கடந்து பொத்துவிலுக்கும் அப்பால் அறுகம்பேக்குப் போனால்தான் அவருக்கு அது கடல். வழி நெடுகக் கடல் பக்கத்திலேயே வரும். அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

கிழக்கிலே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. அதனால் ஒரே வளவுக்குள் ராத்தாவும் தங்கச்சிமாரும் அடுத்தடுத்து வீடு கட்டியிருப்பார்கள். அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்த ஆண்களில் மூத்தவளின் கணவருக்குத் தனி மரியாதை. மற்ற மருமகன்மார் வெட்கத்தோடு வாசற்படி ஏறிய நாளிலேயே, கிணற்று வாளி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர். சகலன்மாருக்குக் 'காக்கா', கொழுந்தியாமாருக்கு 'மச்சான்'. மாமியாருக்கு மட்டும் 'மகன்'. ட்ரிப் என்று வந்தால் வேன் பேசுவது, ஆட்களைச் சேர்ப்பது, காசு தண்டுவது எல்லாம் இவர் கையில்தான்.

வேன் என்றால் டொல்பின் வேன். 14 பேர் இருக்கலாம் என்று சாரதி சொல்வார். மடியில் இருப்பது ஆள் கணக்கில் வராது என்பது மூத்த மருமகனின் சட்டம். சுபஹு தொழுத கையோடு வெளிக்கிட வேண்டும் என்று முதல் நாள் இரவு மூன்று தரம் அறிவிப்பார். காலையில் எட்டரை மணிக்கு வேன் வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கும்போது, ஹபாயாவுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருப்பது அவருடைய மனைவிதான். அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசமாட்டார்.

ஏற்றுகிற சாமான்களைப் பார்த்தால் குடும்பம் ஊரை விட்டே போகிறது என்று அயலவர் நினைப்பார்கள். அஞ்சு கிலோ கேஸ் சிலிண்டர், அடுப்பு, சம்பா அரிசி, இரவே அறுத்து மசாலா பூசிய கோழி, சஹன் நாலு, பன் பாய், தயிர்ச் சட்டி, குடிதண்ணீர்க் கேன். எல்லாவற்றுக்கும் மேலே நெல் காயப்போடுகிற நீலப் படங்கு. அறுகம்பேயில் வேனின் கூரைக்கும் சவுக்கு மரத்துக்கும் இடையில் அதை இழுத்துக் கட்டினால் கூடாரம். கட்டும்போது போன போகத்துப் பதர் தலையில் உதிரும்.

மெல்பேர்னில் இருக்கிற மச்சினன் ஒருமுறை லீவில் வந்தபோது அங்கத்துக் கரவன் பார்க் பற்றிச் சொன்னான். வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்களாம். அங்கே நிறுத்துகிற இடத்துக்கு இரவுக் கணக்கில் வாடகை. கரண்ட் உள்ள இடத்துக்கு ஒரு விலை, இல்லாததுக்கு ஒரு விலை. மூத்த மருமகன் பொறுமையாகக் கேட்டார்.

"சும்மா கிடக்கிற தரைக்கா வாடகை? மறுகா, அங்கயும் பொம்புளயள்தானே சமைக்கிற?"

மச்சினன் பதில் சொல்லவில்லை.

இவர் ட்ரிப்பிலும் பெண்கள்தான் சமைக்கிறார்கள். வீட்டில் சமைத்த அதே சோறு, அதே கறி, கூடுதலாகக் கொஞ்சம் மணல்.

பகல் தொழுகை நேரத்தில் வருடாவருடம் ஒரு வழக்கு எழும்பும். பிரயாணிதானே, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாமா? சகலன்மாரில் ஒருவர் மௌலவி. ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 80 கிலோமீற்றர், சம்மாந்துறையிலிருந்து அறுகம்பே அவ்வளவு வராது என்று அவர் மெதுவாகச் சொல்வார். மூத்த மருமகன் வேனின் மீற்றரை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளி பாணமைக்கு விட்டா சரி வருமா?" என்று கேட்பார். டீசல் யார் அடிப்பது என்று சாரதி கேட்டதும் வழக்கு முடியும். எல்லாரும் முழுசாகத் தொழுவார்கள்.

பிள்ளைகள் அலையில் விழுந்து எழும்பும். பெண்கள் ஹபாயாவோடு கரையில் குந்தியிருந்து அலை வந்து தொட்டதும் கூச்சல் போடுவார்கள். தூரத்தில் வெள்ளைக்காரர் பலகை மேல் நிற்பார்கள். மே தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் அதற்கென்றே கடல் தாண்டி வருகிறவர்கள். மூத்த மருமகனுக்கு அது வயலில் மட்டப்பலகையில் ஏறி நிற்கிற வேலைபோலத் தெரியும். "காசு கேளாம இந்தப் பாடு படுறானுகள்" என்று பரிதாபப்படுவார்.

ஆண்களில் அவர் மட்டும் தண்ணீரில் இறங்குவதில்லை. வேனின் மூக்கு எப்போதும் ரோட்டைப் பார்த்து நிற்கும், திறப்பு அவர் மடியில் இருக்கும். சாரதி குளிக்கப் போகும்போதே அதை வாங்கிவிடுவார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலே ஆகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடியில் மாமியாரின் சொந்தத் தங்கச்சி வீடு இருந்த இடத்தில் அன்று பின்னேரம் மணல்தான் இருந்தது. மாமியார் ட்ரிப்புக்கு வராமல் இருப்பதில்லை; ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி, வேனுக்குள் முன் சீற்றில் இருந்துகொள்வார். மருமகன் கதவோரம் பாய் விரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பிள்ளைகளின் தலைகளை எண்ணுவார். அவர் எண்ணி முடித்ததும், "சரியா மகன்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இதை வைத்து யாரும் அவரைக் கிண்டல் செய்வதில்லை. கிண்டல் செய்ய வேறு எவ்வளவோ இருக்கிறது.

உதாரணமாக, கணக்கு. திரும்பும் வழியில் அக்கரைப்பற்றில் பிளேன்ரீ குடிக்க நிறுத்தும்போது கொப்பியை எடுப்பார். வேன், டீசல், கோழி, தயிர், போன ட்ரிப்பில் உடைந்த சஹனின் பாக்கி. பெரியாளுக்கு முழுப் பங்கு, பிள்ளைக்கு அரைப் பங்கு. போகும்போது ஆளாகக் கணக்கில் வராத மடிப்பிள்ளைகள் எல்லாம் இப்போது அரை ஆளாகிவிடும். கடைசிச் சகலனுக்கு நாலு பிள்ளைகள். அவர் தேத்தண்ணியைப் பார்த்தபடியே, "காக்கா, அடுத்தமுற ஹோட்டல்ல றூம் எடுப்பமா?" என்பார்.

"எடுக்கலாம். படங்கு கட்ட விடுவானா?"

போன யாலப் போகத்து வெட்டு ட்ரிப்புக்கு அடுத்த கிழமையே வந்துவிட்டது. படங்கை உதற நேரமில்லை. அதிலேயே நெல்லைக் காயவைத்து, மூட்டை கட்டி மில்லுக்கு ஏற்றினார்கள். மில்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். மணலும், நகத்தளவு சிப்பி ஒன்றும் கிடந்தன.

"காக்கா, உங்கட வயல் கடலுக்குள்ளயா இரிக்கி?"

மூட்டைக்கு விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். மூத்த மருமகன் வாய் திறக்கவில்லை. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு சகலன்மாரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழுந்தது: ட்ரிப் செலவில் விடுபட்ட தொகை, தலைக்கு இவ்வளவு, பிள்ளைக்கு அரைவாசி.