ஈமுவுக்குத் தப்பிச்ச காசு

வாடா கண்ணு. கையெல்லாம் கிரீஸு, சட்டையெல்லாம் பெயிண்ட்டு, மொகத்துல மட்டும் மாப்பிள்ளைக் களை. இன்னொரு வண்டி வாங்கிட்டயாக்கும்? என்னது, சுவேகாவா? பிரெஞ்சுக்காரன் மோட்டோபெகான் கம்பெனிகிட்டக் கத்துக்கிட்டு நம்மாளுக திருப்பதில செஞ்சாங்களே, அந்த மொபெட்டா? பேஷ். திருப்பதிக்குப் போன மத்தவனெல்லாம் லட்டு வாங்கியாறான், எம்பேரன் துருவு வாங்கியாறான்.

உங்கொம்மா நேத்து வந்து அழுகறா, சம்பளத்தப் பூரா பழைய இரும்புல கொட்டறான்னு. நாந்தான் தேத்தி அனுப்பினேன். "அம்மிணி, இந்தப் பக்கத்துல எத்தன பேரு ஈமுக் கோழில காசப் போட்டு நாசமாப் போனாங்க? உம்மவன் போட்ட காசு தாழ்வாரத்துலயே நிக்குது. ஓடாதுங்கறதுதான் ஒரு கொறை. அதனால எங்கியும் ஓடியும் போயிராது"ன்னேன். அதுக்கப்பறம் இன்னும் எச்சா அழுதா.

போன வாட்டி ஜப்பான் கதை சொன்னயே. 1961ல ஹோண்டாக்காரன் டாமா டெக் கேளிக்கைப் பூங்காவுல பசங்க ஏறி வெளையாட ஒரு குட்டி வண்டி செஞ்சானாம், சக்கரம் அஞ்சே அங்குலம். அதுல பெரியாளுக ஏறி முட்டிய மடக்கி உக்காந்தத பாத்து மங்கின்னே பேரு நெலைச்சுப் போச்சாம். அதுக்கு மிந்தி, ரண்டாம் உலக யுத்தத்துல இங்கிலீஷ்காரன் செஞ்ச வெல்பைக்கு: 98 சிசி, மடிச்சுக் குழாய்க்குள்ள போட்டு, பாராசூட்டுல கட்டி எறக்கற வண்டி. நல்ல கதைதான். அவனுக்கு வானத்துல இருந்து எறங்குச்சு, நமக்கு ஓசூர்ல இருந்து லாரில வந்துச்சு.

1980ல டிவிஎஸ் 50 வந்தப்போ, ரண்டு பேரு உக்கார்ற மொபெட்டு இந்த நாட்டுலயே அதுதான் மொதோ. அதுக்கு எட்டு வருசம் மிந்தியே பூனாக்காரன் லூனா விட்டிருந்தான்னாலும், நம்ம காட்டு வேலைக்கு வாகா வந்தது இதுதான். ரண்டு பேருன்னு கம்பெனிக்காரன் சொன்னத நம்ம சனம் யாரும் காதுல போட்டுக்கல. மின்னால தேங்கா மூட்டை, நடுவுல புள்ள, பின்னால பொண்டாட்டி, ரண்டு பக்கமும் பால் கேனு. அம்பது சிசிக்கு அத்தன பாரம் ஏத்தினவன இன்னிக்கு யாரும் பாராட்டறதில்ல. அத வாங்கிக் களுவித் தொடைச்சு வெக்கற உனக்குத்தான் பேப்பர்ல போட்டா போடறான்.

சரி, அந்தச் சுவேகா எங்க இருக்குது? பெயிண்ட் கடைலயா? ஏண்டா, இஞ்சின் ஓடுதான்னு பாக்கறதுக்கு மிந்தியே நெறம் பாக்கப் போயிட்டயா? இது டூ ஸ்ட்ரோக்கு. பெட்ரோலோட ஆயிலும் சேந்து எரியற வண்டி. அந்தக் கரி எக்ஸாஸ்ட் வாயிலயும் சைலன்சருக்குள்ளயும் அப்பிக்கும். உள்ள இருக்கற பொகை வெளிய போனாத்தான் புது மிக்சரு உள்ள வரும். அதனால வண்டி இழுக்கலீன்னா மொதல்ல சைலன்சரத்தான் கழட்டோணும். அந்தக் காலத்துல உள்குழாய உருவி அடுப்புல போட்டுச் சுட்டுத் தட்டுவோம். உங்காத்தா அதே அடுப்புல ரசம் வெச்சா. டூடி ஆயில் வாசம் இல்லாத ரசத்த நான் கொஞ்ச நாளு கழிச்சுத்தான் குடிச்சேன்.

ரொம்ப வருசம் நின்ன வண்டின்னா கிராங்க் ஆயில் சீலு காஞ்சு வெறைச்சுப் போயிருக்கும். அந்தச் சந்துல காத்த இழுத்துக்கிட்டு இஞ்சின் தானா ரேசாகிக் கத்தும். நீ வண்டிக்கு உசுரு வந்துருச்சுன்னு வீடியோ எடுப்ப. ஆயில் பத்தாம பிஸ்டன் ஜாம் ஆயிரும். சீல மாத்திட்டு உதை. பிளாட்டினம் பாயிண்ட்ட எமெரிப் பேப்பர்ல தேச்சு, இடைவெளிய 0.4 மில்லிக்குப் பக்கமா வெய்யி. இன்னிக்குப் பங்க்குல ஊத்தறது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலு, பழைய ரப்பர் பைப்பு அதுக்குத் தாங்காது. எத்தனாலு தண்ணியயும் இழுத்துக்கும். ஓட்டி முடிச்சா பெட்ரோல் காக்க மூடிட்டு, கார்பரேட்டர்ல இருக்கறது தீர்ற மட்டும் ஓட விடு.

சிலிண்டரு தேஞ்சிருந்தா பயந்துக்காத. கோயமுத்தூரு கணபதிப் பக்கம் போனயின்னா போர் போட்டு ஓவர்சைசு பிஸ்டன் மாட்டிருவாங்க. புஷ்சு, ஷாஃப்ட்டு, என்ன வேணாலும் லேத்துல கடைஞ்சு குடுக்கற ஊரு இது. ஆனா இரும்புல போனதத்தான் கடைய முடியும். பின்விளக்குக் கண்ணாடி, டேங்க் மோனோகிராம், மீட்டரு மூடி, இதெல்லாம் போச்சுன்னா போச்சு. அதனால வண்டி பாக்கப் போனா இஞ்சினப் பாக்காத, சில்லறைச் சாமானப் பாரு. இஞ்சின உத்துப் பாக்கறவனப் பாத்தாலே விக்கறவன் வெலைய ஏத்திருவான்.

அப்பறம், போன வருசம் வாங்கின டிவிஎஸ்ல பால்காரரு கேன் மாட்டறதுக்குப் பத்தவெச்ச கொக்கி ரண்டு இருந்துச்சே, அத எதுக்கு அறுத்து எறிஞ்ச? ஒரிஜினலா வேணுமா? அந்த வண்டி கம்பெனில நின்னது நாலு நாளு இருக்குமா? மீதிக் காலம் பூரா அந்தக் கொக்கியோடதான் ஊரச் சுத்துச்சு. எனக்கு அதுதான் ஒரிஜினல்.

பேப்பரு விசயத்துல மட்டும் வெளையாடாத. 2021ல சர்க்காரு விண்டேஜுன்னு ஒரு சட்டம் போட்டிருக்குது. மொதோ பதிவுல இருந்து 50 வருசம் தாண்டோணும், கம்பெனில வந்த உருவம் பெருசா மாறியிருக்கக் கூடாது. 20,000 ரூவா கட்டினா விஏ-ன்னு எழுத்துப் போட்ட நம்பரு, 10 வருசத்துக்குச் செல்லும். ஆனா அதுல ஏறிச் சந்தைக்குப் போயித் தக்காளி வாங்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான் ரோட்டுல போலாம். மொதல்ல வந்த டிவிஎஸ்சுக்கே 2030லதான் 50 ஆகுது. எனக்கு எப்பவோ தாண்டிருச்சு, உருவமும் பெருசா மாறல. முடிஞ்சா எனக்கொரு விஏ நம்பரு வாங்கிக் குடு. சந்தைக்குப் போகச் சொல்லி உங்காத்தா தொந்தரவு பண்றது நிக்கும்.

ராஜ்தூத் ஜிடிஎஸ் வேணும்னு அலையறயாமே? 1973ல பாபி படத்துல ரிஷி கபூரு ஓட்டினான்னு, அந்தக் குட்டிச் சக்கரத்து 175 சிசி வண்டிக்கு ஊரே பாபின்னு பேரு வெச்சுது. வாங்கு. பின்னால அந்தப் படத்து டிம்பிள் வந்து உக்காருவான்னு மட்டும் இருக்காத, வாங்கினவன் எவனுக்கும் உக்காரல.

எனக்கு வேற ஒண்ணு தெரியும். நீ அமாவாசைக்கு அமாவாசை பூவம்பழத்தோட சாளைக்கு வர்றது என்னப் பாக்கறதுக்கில்ல. கட்டுத்தரைல தவிட்டு மூட்டைக்குப் பின்னால சாக்கு போத்தி நிக்குது பாரு, அத எட்டி எட்டிப் பாக்கற. ராணிப்பேட்டை என்ஃபீல்டு எக்ஸ்ப்ளோரரு. 50 சிசி, ஜெர்மன்காரன் சுண்டாப் கம்பெனித் தொழில்நுட்பம். அந்தச் சுண்டாப்பே 1984ல கடைய மூடிட்டான். புல்லட்ட எல்லாருந்தான் வெச்சிருக்கான், அதே கம்பெனியோட இந்தச் சின்னவன எத்தன பேருகிட்டப் பாத்திருக்கற?

மொகத்தத் திருப்பாத. உனக்கில்லாம யாருக்கு? வண்டியச் சும்மாவே எடுத்துக்க, பேரன்கிட்டக் காசு வாங்குவனா? பின்விளக்குக் கண்ணாடியும் ரண்டு மோனோகிராமும் கீறல் இல்லாம எம்பொட்டில வெச்சுப் பூட்டியிருக்கறேன். அதுக்குத்தான் வெலை. சொல்லு, எவ்வளவு தருவ?