பாட்டி, நிரலை நீயே எழுதி அனுப்பு!

திறமூல மென்பொருள் உலகத்துக்கு ஒரே ஒரு தொல்லை உண்டு. அதன் பெயர் பயனர். அவர்கள் மட்டும் இல்லாவிட்டால் நம் படைப்புகளில் குறை என்பதே கிடையாது. நிரல் சுத்தம், உரிமம் சுத்தம், கொள்கை பத்தரை மாற்றுத் தங்கம். இதற்கிடையில் ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கும் ஓர் அம்மா வந்து, "தம்பி, பில்லு அடிக்க எதை அமுக்கணும்?" என்று கேட்டுத் தொலைக்கிறார்.

நம்மிடம் விடைகள் தயார். ஒன்று: கையேட்டைப் படி. (கையேடு ஆங்கிலத்தில் இருக்கும்; அதுவும் நாலு பதிப்புக்கு முந்தியதாக இருக்கும்.) இரண்டு: அது பிழை இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். மூன்றாவதுதான் நம் பிரம்மாஸ்திரம்: "மாற்றம் வேண்டுமா? நிரலை நீயே எழுதி அனுப்பு, பரிசீலிக்கிறோம்."

பேராக் ரப்பர் தோட்டங்களில் அதிகாரம் தலைமுறை தலைமுறையாகக் கொடிகட்டிப் பறந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட கங்காணி, பால் நிறுவையில் பேனாவைச் சாய்த்த கிராணி, பங்களாவில் இருந்த துரை என யாரும் புண்ணியவான் இல்லை. ஆனாலும், லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று வந்து நின்ற பால்வெட்டுக்காரரிடம், "அப்படியா, நீ போய்த் தச்சுவேலை படித்துவிட்டு வா" என்று சொல்ல அவர்களுக்குக்கூட நா எழவில்லை. அந்தத் துணிச்சல் சுதந்திரத்தின் பெயரால் மென்பொருள் எழுதும் நமக்குத்தான் வாய்த்தது.

பயனர் முட்டாள் என்கிறீர்களா? 2004-இல் எரிக் ரேமண்ட் தன் வீட்டிலேயே இன்னொரு கணினியோடு இணைந்திருந்த அச்சுப்பொறியை 'கப்ஸ்' என்ற திறமூல அச்சு நிரலில் அமைக்கப் போய் முழி பிதுங்கினார். திறமூலத்தின் பெருமையைக் கட்டுரைகளாக எழுதி உலகத்துக்கு விற்றவரே அவர்தான். பிறகு கோபத்தோடு உட்கார்ந்து, கணினி அறியாத ஒரு கற்பனை அத்தை இதை எப்படிச் செய்வாள் என்று எழுதினார். பெரிய பூசாரிக்கே கருவறைக் கதவு திறக்கவில்லை. சுங்கை சிப்புட் தோட்டம் செம்பனையாகி, லயம் இடிபட்டு, தாமான் வீட்டுக்குக் குடிவந்த பாட்டியிடம் மட்டும் நிரல் கேட்கிறோம்.

அதே 2004-இல் மலேசிய அரசின் 'மாம்பு' அமைப்பு, பொதுத்துறைக்கான திறமூலப் பெருந்திட்டத்தை அறிவித்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. சில ஆண்டுகளில், பெரும்பாலான அரசு அலுவலகங்கள் ஏதோ ஒரு திறமூல மென்பொருளை ஏற்றுவிட்டன என்று கணக்கும் வந்தது. நாமும் கைதட்டினோம். ஏற்றியதை எண்ணுவது சுலபம். கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா அதைத் திறந்து திகைத்து, மூடிவிட்டுப் பழையதற்கே ஓடினாரா என்பதை எண்ணத்தான் யாராவது போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு நமக்கு நேரமில்லை. மாநாட்டில் பொன்னாடை காத்திருக்கிறது.

நம் வேகத்தையும் பாராட்டுங்கள். 'கிம்ப்' படத்தொகுப்பு நிரல் 1990-களின் நடுவில் பிறந்தது. திரையெங்கும் சிதறிக் கிடந்த அதன் சாளரங்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி வந்தது 2012-இல். 'பிளெண்டர்' 2002-இல் திறமூலமானது. உலகமே சுட்டியின் இடது பொத்தானால் தேர்ந்தெடுக்க, அது வலது பொத்தானையே கட்டிக்கொண்டு அழுதது. இடது பக்கம் இயல்பாக வந்தது 2019-இல்தான். பதினேழு ஆண்டுகள்! வானம் இடிந்து விழுந்ததா? பழைய பழக்கம் வேண்டியவர்கள் அமைப்பில் போய் மாற்றிக்கொண்டார்கள். புதியவர்கள் உள்ளே வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பயன்பாட்டு எளிமைக்கு ஆதரவு திரட்டுவது எப்படி என்று இன்னும் விவாதிக்கிறோம். விடை 2001-லேயே கிடைத்துவிட்டது. சன் நிறுவனம் 'நோம்' திரைமுகத்தின் முன் சாதாரண மனிதர்களை உட்கார வைத்து, அவர்கள் தடுமாறிய இடங்களையெல்லாம் அறிக்கையாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த நோம் 2.0 எளிமையைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. ஆனால், எளிமை என்று சொல்லி வசதிகளைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று 2005-இல் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் சீறினார். அவர் சீற்றத்திலும் நியாயம் உண்டு. பயனரை மூடராக நினைத்துப் பொத்தானைப் பறிப்பதும், பயனரை நினைக்காமலே பொத்தானைக் குவிப்பதும் ஒரே ஆணவத்தின் இரண்டு முகங்கள். ஒருவர் தடுமாறுவதைக் கண்ணால் பார்த்தவரிடம் இரண்டும் நிற்காது. ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார். புந்தோங்கில் ஐந்து பேர் கிடைக்க மாட்டார்களா?

மலேசியத் தமிழர் கணினியில் தமிழ் தட்டியதற்கு முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு அஞ்சல் பெருங்காரணம். அது திறமூலம் இல்லை. நாம் கொள்கை விளக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் விரல் எங்கே போகும் என்று யோசித்தார். திறமூலத்தால் முடியாதென்று சொல்ல வரவில்லை. 'தமிழா' குழுவின் இ-கலப்பை பரவியதே! ஒலித்தபடி தட்டினால் எழுத்து வந்தது, மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கேலி போதும். நிரல் வரி எழுதியவரின் பெயர் மட்டும் பட்டியலில் ஏறுகிறது. திரையை வரைந்து கொடுத்தவர், பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர், உதவிக் குறிப்பைத் தமிழில் எழுதியவர் எல்லாரும் 'ஆர்வலர்கள்'. நிரல் நின்றுபோனால் அவசரப் பிழை. மனிதர் நின்றுபோனால் அது 'விருப்பக் கோரிக்கை', தூசியடைந்து கிடக்கும். இந்த வரிசையை மாற்றுங்கள். பயனர் திணறும் இடத்துக்கும் அவசரப் பிழையின் தகுதி கொடுங்கள். அது தீராமல் பதிப்பு வெளியிடாதீர்கள்.

கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களில், நிரலை இயக்கும் சுதந்திரத்துக்கு, அவற்றை வகுத்த ரிச்சர்ட் ஸ்டால்மனின் இயக்கம் கொடுத்த எண் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதால் அந்த எண். நாமோ அதை மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டோம். இயக்கவே முடியாதவர்களுக்குத் திருத்தும் உரிமையை வாரி வழங்கிவிட்டு, வள்ளல் பட்டத்தையும் நாமே சூட்டிக்கொள்கிறோம்.