முன்விடுப்பு இயல்: காரைக்கால் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வேலையில் சேருமுன்பே லீவு கேட்பது, பந்தியில் உட்காருமுன் பார்சல் கேட்பதற்கு ஒப்பானது என்பது பெரியவர்கள் கொள்கை. அக்கொள்கையை மறுத்து எழுந்ததே இவ்வாய்வு.

முன்விடுப்பு என்பது யாதெனின், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பின்னும் அதில் கையெழுத்து விழுமுன்னும், ஏற்கெனவே நாள் குறித்துவிட்ட காரியத்துக்காகக் கேட்கப்படும் லீவு. தங்கை கல்யாணம், அக்காள் வளைகாப்பு, அட்வான்ஸ் கொடுத்த மண்டபம் ஆகியன இதில் அடங்கும். திடீர்க் காய்ச்சல் அடங்காது.

இத்துறைக்குக் காரைக்காலை விடப் பொருத்தமான களம் இல்லை. சொல்லாமல் போனதன் ஆதி வழக்கே இவ்வூருடையது. மனைவி நிகழ்த்திய மாங்கனி அதிசயத்தைக் கண்டு மிரண்ட வணிகன் பரமதத்தன், வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறினான். திரும்பும் தேதி குறிப்பிடவில்லை. பாண்டிய நாட்டில் இன்னொரு திருமணம் செய்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்தான் என்கிறது பெரியபுராணம். இன்றைய எச்.ஆர். அகராதியில் இதற்கு 'அப்ஸ்காண்டிங்' என்று பெயர்.

விடுப்புக்குரிய நாள்கள் மூவகைப்படும்.

முதலாவது, அசையா நாள். 1954 நவம்பர் 1 அன்று காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நிறைவேறியது. புதுச்சேரி அரசுக்கு இரண்டும் நினைவு நாள்கள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூருக்குள் கால் வைத்தால் இரண்டும் வெறும் தேதிகள். நாகப்பட்டினத்தில் வேலைக்குச் சேரும் காரைக்கால்காரர் இதை முதல் வாரத்திலேயே கண்டறிகிறார்.

இரண்டாவது, அசையும் நாள். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழா ஓராண்டு ஜூனிலும் ஓராண்டு ஜூலையிலும் விழும். பிச்சாண்டவர் வீதியுலாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசப்படும் அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. சென்னையில் இருக்கும் மேலாளரிடம் 'மாம்பழம் பிடிக்கப் போக வேண்டும்' என்று காரணம் எழுதினால் மறுமொழி எப்படி இருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாவது, ஐய நாள். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ, அது 2026இல்தான் என்று அறிவித்தது. ஆகவே காலண்டரைப் பார்த்து முன்விடுப்பு வாங்கிவைத்தவருக்குச் சனி பெயருமுன் லீவு பெயர்ந்திருக்கும். எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் மின்னஞ்சலில் குறிப்பிடுவது நலம்.

சட்டம் இங்கே கைகொடுக்குமா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கே சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. அதுவும் 20 நாளுக்கு ஒன்று என்ற கணக்கில். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆக்கியது. ஜூன் முதல் தேதி சேர்ந்தவருக்கு ஆனிப் பௌர்ணமிக்குள் 180 நாள் நிரம்ப, வாக்கியத்திலும் வழியில்லை, திருக்கணிதத்திலும் வழியில்லை. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் இன்னும் வெளிப்படை: விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. பிரான்சில் இருக்கும் சித்தப்பாவுக்கு 1982 முதல் ஆண்டுக்கு 5 வாரச் சம்பள விடுப்பு இருப்பதை இங்கே எடுத்துக்காட்டுவதால் வயிற்றெரிச்சலைத் தவிரப் பயனில்லை.

எனவே புதிதாய்ச் சேர்பவருக்கு உள்ளது வாய்ச்சொல்லும் அதற்குரிய நேரமும்தான். நேர்காணலிலேயே கேட்டால், 'வேலைக்கு வந்தானா, லீவுக்கு வந்தானா' என்று தோன்றும். சேர்ந்தபின் கேட்டால், 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்பார்கள். ஆள் இவர்தான் என்று நிறுவனம் முடிவுசெய்து, அடுத்தவரைத் தேட அலுப்புப்படும் அந்த நாலைந்து நாளே உத்தம காலம்.

கேட்கும் முறையிலும் இலக்கணம் உண்டு. 'சார், ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்கும் விஷயம் எதுவும் சின்னதாக இருந்ததில்லை. ஆகவே அத்தொடர் வழுவாகும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன காரணம், சம்பளப் பிடித்தம் சம்மதமா என்ற மூன்றும் ஒரே மின்னஞ்சலில் நிற்க வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்ற பதில் சம்மதமாகாது. 'சரி' என்று எழுத்தில் வந்தபின் கையெழுத்திடுவதே முறை.

சொல்லாமல் போனாலும் ஒன்றும் ஆகாது என்பதற்குப் பரமதத்தனைச் சான்று காட்டுவோர் உண்டு. உண்மைதான், ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா அவனுக்கான மாப்பிள்ளை அழைப்போடுதான் தொடங்குகிறது. ஓடிப்போனவரை மேளதாளத்தோடு திரும்ப அழைக்கும் அந்த ஏற்பாடு காரைக்காலுக்கு மட்டுமே உரியது. நிறுவனங்கள் வேறு ஆளை எடுத்துவிடுகின்றன.