கெண்டைக்குக் கை இல்லை

எங்கள் ஊர்ப் பந்தியில் சாப்பிடுகிறவனுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பரிமாறுகிறவர் கரண்டியோடு குனியும்போது இலையின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து, குப்புறப் படுக்காத குறையாக மறைத்துவிடலாம். அப்படியும் விரலிடுக்கில் இரண்டு சொட்டு விழும், அது வேறு விஷயம். கெண்டை மீனுக்கு மறைக்கக் கையில்லை. கொட்டுகிறவன் கொட்டினால் கொட்டினதுதான். அந்தக் கொட்டுகிறவன் நான்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கூடாரம், மடக்குக் கட்டில், அடுப்பு, போர்வை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் சண்டை என்றே முதல் ஒரு மாதம் நினைத்தோம். என் மனைவி சமாதானம் பேசப் போய், அந்தம்மா சிரித்த சிரிப்பில் விஷயம் வெளியே வந்தது. மனுஷன் கெண்டை பிடிக்கப் போகிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்க் கண்மாயில் நானும் பிடித்திருக்கிறேன்" என்று வாயை விட்டேன். பிடித்தது சித்தப்பா, நான் வாளி பிடித்தேன். அந்த நுணுக்கம் ஆங்கிலத்தில் சரியாக வரவில்லை. அடுத்த வெள்ளி வேனில் எனக்கும் ஒரு கட்டில் ஏறியது.

அந்தப் பக்கத்து ஏரிகள் பல, கட்டட வேலைக்குச் சரளை அள்ளிய பள்ளங்கள். அள்ளி முடித்ததும் தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டவை. உள்ளே சாதாக் கெண்டையும், அங்கங்கே பெரிய பெரிய செதிள் ஒட்டிய கண்ணாடிக் கெண்டையும். பிடிக்கலாம், எடை பார்க்கலாம், படம் எடுக்கலாம். பிறகு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப கொழம்புக்கு?" என்றாள்.

அவர் என்னிடம் தந்த இரைக்குப் பெயர் பாய்லி. முட்டை, மீன்மாவு, பால்பொடி எல்லாம் போட்டுப் பிசைந்து, உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தது. நம் கணக்கில் கொழுக்கட்டை. வேக வைப்பதால் மேல்தோல் இறுகிவிடும், சில்லறை மீன்கள் கொத்தித் தின்ன முடியாது. இதை முள்ளில் குத்துவதும் இல்லை. முள்ளுக்குக் கீழே ஒரு மெல்லிய நூலில் தொங்கவிடுகிறார்கள். கெண்டை எதையும் உறிஞ்சிப் பார்த்துத் துப்பிப் பார்த்துத்தான் சாப்பிடும். அது துப்பும்போது வெறுமனே கிடக்கிற முள் உதட்டில் மாட்டிக்கொள்கிறது. 1970களின் பிற்பாதியில் இதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் மனிதத் தலைமுடியையே பயன்படுத்தியதால், நூலாக மாறிய பிறகும் அதற்கு 'முடி' என்றே பெயர். இந்தப் பெயரால் எங்கள் வீட்டில் பின்னால் ஒரு பிரச்சினை வந்தது, சொல்கிறேன்.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டேன்.

"ஒரு பிடி."

"எத்தனை மீனுக்கு?"

"உனக்கு ஒரு மீன் வந்தால் போதாதா?"

ஒரு மீனுக்கு! எங்கள் வீட்டில் நாலு பேருக்கு உலை வைத்தாலும் அம்மா கடைசியில் ஒரு கை அரிசி சேர்த்துப் போடுவாள். கேட்டால் "யாராவது வந்துட்டா?" என்பாள். முப்பது வருஷம் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த கை, ஏரி நிறைய விருந்தாளி இருக்கிற இடத்தில் ஒரு பிடியோடு நிற்குமா? அவர் தேநீர் போடத் திரும்பிய நேரத்தில் பையிலிருந்த மூன்று கிலோவையும் உண்டிவில்லில் வைத்து வீசி முடித்தேன்.

அது மார்ச் மாதம். தண்ணீரில் விரலை விட்டால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய குளிர். இரவு முழுக்க என் தூண்டில் மணி அடிக்கவில்லை. விடிந்ததும் அவர் பக்கம் ஒன்று, பத்து மணிக்கு இன்னொன்று. என் பக்கம் நாமக்கோழிகள்தான் முக்குளித்து முக்குளித்து ஒவ்வொரு பாய்லியாக எடுத்து வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே தின்றன.

சாயங்காலம்தான் கிழவர் பாடம் எடுத்தார். மீனின் பசி தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. குளிரில் செரிமானம் மந்தம், கொறிப்பதோடு சரி. கோடையிலும், குளிர்காலத்துக்கு முன்னால் உடம்பில் சேர்த்துவைக்கும் இலையுதிர் காலத்திலும் கிலோ கணக்கில் போட்டாலும் காலி செய்யும். எந்தக் காலத்திலும் குறைவாகத் தொடங்கி, மீன் வந்தால் இன்னும் கொஞ்சம் போட வேண்டும். குறைந்தால் சேர்க்கலாம், கூடிப்போனால் ஏரிக்குள் இறங்கிப் பொறுக்க முடியாது. கடைசியாக அவர் சொன்னதில்தான் நான் நொறுங்கிப் போனேன். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. பல் இருப்பது தொண்டையில். அங்கே அரைபட்டதும் நேரே குடலுக்குப் போகிறது. அதனால் அது ஒரேயடியாக நிரப்பிக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே திரியும். வயிறே இல்லாத ஜீவனுக்கு வயிறு முட்ட விருந்து வைத்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பதினைந்து மில்லிமீட்டர் உருண்டை கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு. மூன்று கிலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொழுக்கட்டை. அதில் ஒன்றே ஒன்றில்தான் முள். லாட்டரியில்கூட இதைவிட நம்பிக்கையாகச் சீட்டு வாங்கலாம். அம்மாவிடம் கிலோ பத்து பவுனுக்கு மேல் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "ஏண்டா, ஒந்தங்கச்சி கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போடறதுக்குள்ள அப்பா நாக்குத் தள்ளிப் போச்சு. மீனுக்குப் பத்துப் பவுனா?" இந்த ஊர்ப் பவுன் வேறு என்று விளக்கி முடித்தேன். அம்மாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

கோடையில் அளவை விட்டு, கொண்டு சேர்க்கும் வழியில் கவனம் செலுத்தினேன். மீன் தொலைவில் மேய்கிறது, உண்டிவில் எட்டாது. அதற்கு ராக்கெட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. உள்ளே இரையை நிரப்பித் தனிக் கழியில் கட்டி வீசினால், தண்ணீரில் மோதிய வேகத்தில் இரண்டாகப் பிளந்து அத்தனையையும் ஒரே இடத்தில் கொட்டும். தூண்டிலும் அதே தூரத்தில் விழ வேண்டுமே? அதற்குப் பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளைத் தரையில் நட்டு, நரம்பை இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்குமாகச் சுற்றி எண்ணுகிறார்கள். பதினைந்து சுற்று என்றால் நூற்று எண்பது அடி. எண்ணி முடித்து ரீலில் உள்ள கிளிப்பில் நரம்பை மாட்டிவிட்டால் அதற்கு மேல் ஓடாது. பிள்ளை வரம் கேட்டு அரச மரம் சுற்றுகிறவர்களுக்குக்கூட இத்தனை சிரத்தை இருக்காது.

ராக்கெட் கழிக்குப் பதினைந்து எண்ணினேன். தூண்டில் கழிக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அம்மா. மாத்திரை தீர்ந்துபோன விவரம் கேட்டு, தம்பியிடம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் அது இல்லை என்பது மறுநாள் காலை மறுபடி அளந்தபோதுதான் தெரிந்தது: பதின்மூன்று. விடிய விடிய ஓர் இடத்தில் மீன்கள் புரண்டு நுரை கிளப்பிக்கொண்டிருக்க, என் முள் இருபத்து நாலு அடி தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்தது. பந்தி ஒரு மண்டபத்தில், மொய் எழுதுகிற மேசை இன்னொரு மண்டபத்தில். சாப்பிட்டவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

தண்ணீரில் கரைகிற பை ஒன்று உண்டு. இரையையும் முள்ளையும் அதற்குள் ஒன்றாகப் போட்டு வீசினால், அடியில் பை கரைந்து இரை குவியலாகவும் நடுவில் முள்ளுமாகக் கிடக்கும். அருமையான ஏற்பாடு. மழை பெய்யாத நாட்டில் கண்டுபிடித்திருக்க வேண்டும். எனக்குக் கையிலேயே கரைந்தது. ரிமோட்டில் ஓடும் இரைப் படகையும் கிழவரின் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். நடு ஏரியில் பேட்டரி தீர்ந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

மாவுப் பிடிப்பான் ஒன்றை வாங்கியபோதுதான் நெஞ்சில் ஓர் இடி. ஈயம் பொருத்திய சிறு கூடு. அதன்மேல் பிசைந்த மாவை அழுத்தி, முள்ளைப் பக்கத்தில் வைத்து வீச வேண்டும். இது சித்தப்பாவின் ஸ்பிரிங் அல்லவா! கம்பிச் சுருளில் கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் மைதாவையும் பிசைந்து அப்பி, சுற்றிலும் முள்ளைச் செருகிக் கட்லாவுக்குப் போடுவாரே, அதே சூத்திரம். வீடியோவில் காட்டினேன்.

"எத்தன முள்ளு?" என்றார்.

"ஒண்ணு, சித்தப்பா."

"ஒண்ணா? நம்ம ஸ்பிரிங்ல ஆறு. அந்த ஊர்ல முள்ளு வெல கூடவோ?"

செலவு ஏற ஏற, பழைய ஆட்கள் என்னதான் செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். ஐசக் வால்டன் என்பவர் 1653இல் தூண்டில்காரர்களுக்கு எழுதிய புத்தகத்தில் கெண்டைக்குத் தேனோ சர்க்கரையோ சேர்த்த மாவைச் சொல்கிறார். குளத்தில் கூட்டிச் சேர்க்க, ரத்தத்தோடு பிசைந்த மாட்டுச் சாணியையும் சொல்கிறார். நம் ஊரில் மீன் குளத்துக்குச் சாணி கரைத்துவிடுவது தெரிந்ததால் எனக்கு அது அதிர்ச்சி தரவில்லை. என் மனைவிக்குத் தந்தது. 1952 செப்டம்பரில் ஹெரஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 ராத்தல் கெண்டையைப் பிடித்தார். இரை, ரொட்டி. அந்த மீன் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய் 1971 வரை வாழ்ந்தது. 1980 ஜூனில் அதே குளத்தில் கிறிஸ் யேட்ஸ் பிடித்தது ஐம்பத்தொன்றரை ராத்தல். இரை, இனிப்புச் சோளம். டப்பாவில் கிடைக்கிற அதே சோளம்தான். அன்றிரவு என் ராக்கெட்டைப் பரணில் போட்டேன்.

சோளம், பட்டாணி, கொண்டைக்கடலை என்று தானிய இரைகளுக்கு அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. இரவெல்லாம் ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகுதான் தண்ணீரில் போடலாம். காய்ந்ததைப் போட்டால் மீனின் குடலுக்குள் போய் ஊதும். இதைக் கிழவர் ஏதோ ரசாயனச் சூத்திரம் மாதிரி மெதுவாக விளக்கினார். நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். வருஷா வருஷம் ஒன்பது நாள் செய்கிற காரியம். (ஹெம்ப் என்று அவர் தந்த மூட்டைதான் தகராறு. அது கஞ்சாச் செடியின் விதை என்று தெரிந்ததும் மனைவி ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினாள். போதை கிடையாது, கடையிலேயே விற்கிறார்கள் என்று சொல்லியும் இன்று வரை அது எங்கள் அடுப்பில் ஏறவில்லை.)

அந்த வருஷ நவராத்திரியில் ஒரு சனிக்கிழமை ஏரிக்குக் கிளம்பியபோது, மிஞ்சிய கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சாப்பிடத்தான். கிழவர் மூடியைத் திறந்து பெருங்காய வாசனையை முகர்ந்தார். கறிப்பொடி புரட்டிய டப்பா இறைச்சியில் கெண்டை பிடிக்கிற ஊர் அது, அவர் கண் விரிந்ததில் ஆச்சரியமில்லை. "மீனுக்கா?" என்றார். ஆமாம் என்றும் இல்லை என்றும் நான் தலையாட்டுவதற்குள் வாயில் ஒரு பிடி போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு பிடி. தேங்காய்ப் பல்லைத் தேடி எடுத்துத் தின்றார். டப்பா என் கைக்குத் திரும்பியபோது அதில் கடலை ஒரே ஒரு பிடி மிச்சம்.

வேறு வழியில்லை. இரண்டு கடலையை எடுத்து முடியில் கோத்தேன். மீதியைத் தண்ணீரில் அலசி, கரையோர நாணலை ஒட்டிக் கையாலேயே போட்டேன். ராக்கெட் இல்லை, குச்சி இல்லை, சுற்று எண்ணவில்லை. நாற்பது நிமிஷத்தில் மணி அலறியது.

பதினெட்டு ராத்தல், நம் கணக்கில் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடிக் கெண்டை, விலாவில் எட்டணா அளவுக்குச் செதிள்கள். நனைத்த மெத்தையில் கிடத்தி, முள்ளை எடுத்து, உதட்டுக் காயத்துக்கு மருந்து தடவினார் கிழவர். நான் படம் எடுத்துக்கொண்டேன். பையில் எடை பார்த்துத் தண்ணீரில் விட்டதும், வாலால் ஒரு வாளித் தண்ணீரை என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவியின் முகம் மாறியது.

"ஏங்க, சாமிக்குப் படைச்சதையா முள்ளுல குத்துனீங்க?"

"குத்தலைம்மா. முடியிலதான் கோத்தேன்."

"பிரசாதத்துல முடியா!"

விளக்கி முடிக்க இரவு பதினொன்று ஆனது.

இந்தச் சனிக்கிழமையும் போகிறோம். கிழவருக்குச் சாப்பிடத் தனி டப்பா. மீனுக்கென்று ஒரு பிடிக் கடலையை எண்ணாத குறையாக அளந்து நானே ஊறவைத்தேன். இப்போது சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன், பாத்திரத்தில் இரண்டு பிடி இருக்கிறது. கேட்டதற்கு மனைவி, "யாராவது வந்துட்டா?" என்கிறாள்.