கூடம் கோணலா? போலிங் பந்துகள் குறித்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வின் நோக்கம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் வாரந்தோறும் லீக் போட்டி நடக்கிறது. மாமா, அத்தை, அண்ணன், தம்பி, ஆய்வாளனாகிய நான் என ஐவர் கொண்ட எங்கள் அணி அதில் தவறாமல் தோற்று வருகிறது. தோல்விக்குப் பந்தே காரணம் என்பதை அறிவியல் முறையில் நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். காரணம் வேறெங்காவது இருக்கலாமே என்ற ஐயத்தை அத்தை எழுப்பினார். அது நான்குக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் தள்ளுபடி செய்யப்பட்டது.

பெயர் விளக்கம்

தேர்தலன்று விரலில் மை வாங்கிக்கொள்ளும் போலிங் வேறு, விரல்களைத் துளைக்குள் செருகிக்கொள்ளும் போலிங் வேறு. கிரிக்கெட்காரர் செய்வது பௌலிங். அவர் கையில் இருப்பது ஏறத்தாழ 160 கிராம். எங்கள் பந்தின் எடை 16 பவுண்டு வரை போகலாம், அதாவது 7.26 கிலோ. ஏறக்குறைய 45 கிரிக்கெட் பந்துகளை ஒரே கையில் தூக்குவதற்குச் சமம் அது. இது போலி ஆய்வு என்று பழிப்பாரும் உளர். போலிக்கும் போலிங்குக்கும் இடையே ‘ங்’ என்று ஓர் ஒற்று நிற்பதை அவர்கள் கவனிக்கவில்லை. இவ்வாய்வின் முதுகெலும்பே அந்த ஒற்றுதான்.

முன்னோர் வரலாறு

பந்தின் வரலாற்றை நான்கு யுகங்களாகப் பகுக்கலாம். முதலாவது மர யுகம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான லிக்னம் வைட்டே என்னும் மரத்தில் அக்காலப் பந்துகளைக் கடைந்தார்கள். இரண்டாவது ரப்பர் யுகம். 1905-இல் அமெரிக்காவில் ‘எவர்ட்ரூ’ என்ற ரப்பர் பந்து வந்தது. என்றும் நேர்மை தவறாதது என்பது அப்பெயரின் பொருள். பந்து விற்பவர் எவரும் பிற்காலத்தில் இவ்வளவு துணிச்சலாக வாக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாவது பிளாஸ்டிக் யுகம். அது ஊறுகாய்ப் பருவத்தில் போய் முடிந்தது. 1970-களில் டான் மெக்யூன் என்ற அமெரிக்க வீரர் பிளாஸ்டிக் பந்தை ஒரு கரைப்பானில் ஊறவைத்தார். தோல் இளகிய பந்து தளத்தைக் கவ்விப் பிடித்து வளைந்து ஓடியது. 1973-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஆண்டின் சிறந்த வீரர் அவரே. அதன்பின் பந்தின் தோல் இன்ன அளவுக்குக் குறையாமல் கடினமாக இருக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். சந்தையில் மாம்பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுபோல் இன்று பந்தைக் கருவியால் அழுத்திப் பார்க்கிறார்கள். வேறுபாடு ஒன்றே: மாம்பழம் கனிந்திருந்தால் வாங்குவோம், பந்து கனிந்திருந்தால் விலக்குவார்கள்.

நான்காவது பிசின் யுகம். 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன் தோல் வந்தது. அடுத்த பத்தாண்டில் வந்த ‘ரியாக்டிவ் ரெசின்’ தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அத்துளைகள் எண்ணெய் குடிக்கும். இவ்வாய்வின் துயரம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வுக் களம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்பழமொழி உலகின் எல்லாக் கூடங்களுக்கும் பொருந்தும் என்று கருதப்பட்டு வந்தது. போலிங் கூடத்தில் அது பொருந்துமா என்பதை இதுவரை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

பந்தை விடும் கோட்டிலிருந்து, வீழ்த்த வேண்டிய ‘பின்’ கட்டைகளில் முதலாவதுவரை தடத்தின் நீளம் 60 அடி. அகலத்தை 39 பலகைகளாகக் கணக்கிடுவர். கோணல் இருக்கிறதா என்றால், சட்டப்படியே இருக்கலாம். தளத்தின் மேடு பள்ளம் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்குவரை போகலாம் என்று அமெரிக்க போலிங் காங்கிரஸின் விதி இடம் தருகிறது. அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஆக, அந்தப் பெண் சொன்னதில் ஒரு மில்லிமீட்டர் உண்மை உண்டு என்பது முதற்கண் பெறப்படுகிறது.

மீதி உண்மை எண்ணெயில் இருக்கிறது. தடத்தின் முன்பகுதியில் இயந்திரம் எண்ணெய் பூசுகிறது. ஒரு தடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிலிட்டர். அப்பளம் பொரிக்கக்கூடப் போதாத இந்த எண்ணெய்தான் ஐந்து பேரின் மானத்தைத் தீர்மானிக்கிறது. வழக்கமான கூடங்களில் நடுவில் நிறையவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். நடுவில் எண்ணெய் ஊற்றி ஓரம் காய்ந்து கிடக்கும் தோசைக்கல் என்று கொண்டால் பொருள் விளங்கும். நடுவில் பந்து வழுக்கும், ஓரத்தில் கவ்வும், எண்ணெய் தீர்ந்த இடத்தில் சட்டென்று திரும்பும். எங்கே தீர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

தொழில்முறைப் போட்டிகளில் எண்ணெய் பூசும் முறைகளுக்கு விலங்குப் பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள்: சிறுத்தை, விரியன், பச்சோந்தி, தேள், சுறா. சிறுத்தையில் எண்ணெய் சீக்கிரமே நின்றுவிடும். திணைக்கொரு விலங்கைக் கருப்பொருளாக வகுத்த மரபில் வந்த நமக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பேரங்காடியில் என்ன விலங்கு என்று வினவியபோது, எண்ணெய் பூசுபவர் சிரித்தார். அச்சிரிப்பு பச்சோந்தி எனப் பதிவு செய்யப்பட்டது.

ஆய்வு முறை

பந்துகளை நான்கு அளவைகளால் ஒப்பிட்டோம்.

எடை: மாமா 16 பவுண்டுக்குக் குறைந்ததைத் தொடமாட்டார். இன்றைய தொழில்முறை வீரர்கள் பலர் 15-க்கு இறங்கிவிட்டதை எடுத்துரைத்தோம். “அவனுங்க இளைச்சிட்டானுங்க” என்றார். இதன் தொடர்பில் வாளிச் சோதனை ஒன்றும் நடந்தது. பந்தின் விட்டம் ஏறத்தாழ எட்டரை அங்குலம். எடை எதுவானாலும் உருவம் ஒன்றே. எனவே 11 பவுண்டுப் பந்து தண்ணீரில் மிதந்தது, 12 பவுண்டுப் பந்து மூழ்கியது. இதனால் ஆட்டத்துக்கு யாதொரு பயனும் இல்லை. ஆயினும் இவ்வாய்வில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட முடிவு இது ஒன்றே.

பூரணம்: பந்தைக் கொழுக்கட்டையாக உருவகித்தால் உள்ளே இருக்கும் கனத்த கரு பூரணம். அது உருண்டையாக இருப்பதில்லை. விளக்கு, குடுவை, முட்டை எனப் பல வடிவில் வைக்கிறார்கள். வடிவத்துக்கேற்பப் பந்து சுழலும் அச்சு தள்ளாடும். அண்ணன் மிகக் கோணலான பூரணம் கொண்ட பந்தையே வாங்கினார். கோணல் கூடத்துக்குக் கோணல் பந்து என்பது அவருடைய கோட்பாடு. இரண்டு கோணலும் சேர்ந்து பந்தைத் தடத்தின் ஓரப் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

தோல்: அறிந்தோர் முதலிடம் தருவது இதற்கே. ஒரே பந்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் முன்கூட்டியே திரும்பும், மெருகேற்றினால் வழுக்கிப் போய்க் கடைசியில் திரும்பும். தம்பி ஒரு பந்தை மூன்று முறை தேய்த்தும் மூன்று முறை மெருகேற்றியும் பார்த்தான். ஏழாம் முறை பந்தை விட்டுவிட்டு மேசையைத் தேய்த்தான்.

மணம்: இதை ஏளனம் செய்ய வேண்டா. ஸ்டார்ம் நிறுவனத்தின் பந்துகள் வாசனையோடுதான் வருகின்றன. இந்த ஓர் அளவையில் மட்டும் ஐவரும் ஒருமித்த கருத்துக்கு வந்தோம்.

இடர்ப்பாடு

ஒப்பாய்வு என்றால் இரு பந்துகளையும் ஒரே நிலையில் சோதிக்க வேண்டும். முதல் பந்தை உருட்டினோம். அது தான் போன வழியில் இருந்த எண்ணெயைக் கொஞ்சம் குடித்தது, கொஞ்சத்தை இழுத்துப் பின்னால் பூசியது. இரண்டாம் பந்து அதே வழியில் போனபோது அது வேறு வழியாகியிருந்தது. பத்தாம் பந்தின்போது முதல் பந்தின் தளம் வரலாறாகிவிட்டது. அளக்கும் கோலே துணியைத் தின்றால் தையற்காரர் என் செய்வார்?

குடித்த பந்தும் முன்போல் இருப்பதில்லை. எண்ணெய் ஏற ஏறச் சுரணை குறைகிறது. இளஞ்சூடான நீரில் சோப்புச் சொட்டுவிட்டு ஊறவைத்தால் குடித்தது கசிந்து வெளியேறும். எங்கள் வீட்டில் பந்துகளுக்கு இவ்வாறு நீராட்டு நடந்ததைக் கண்ட அத்தை, தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னால் ஓடி ஒளிபவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிக் கேட்டார். ஆய்வுக்குத் தொடர்பில்லாக் கேள்வி என்பதால் விடை பதிவாகவில்லை.

விரலியல்

இத்தனைக்கும் பிறகு ஒரு பந்து தேறியது. அண்ணனுடைய பழைய பந்து அது. அணி முழுமைக்கும் அதையே பரிந்துரைக்க முனைந்தபோது மாமாவின் கட்டைவிரல் துளைக்குள் நுழையவில்லை. பந்தின் துளைகள் ஒருவர் கையை அளந்து அவருக்கென்றே இடப்படுபவை. இரவல் சட்டை போடலாம், இரவல் பந்து போட இயலாது. ஒருவரின் விரலே ஆட்டத்தின் நடுவில் வீங்கும், சுருங்கும். அதற்காகத் துளைக்குள் பிசின்நாடாத் துண்டுகளை ஒட்டுவதும் உரிப்பதும் தனிக்கலை.

கட்டைவிரலே வேண்டாம் என்போரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டி கட்டைவிரலைத் துளைக்குள் விடாமல் இரு கையாலும் பந்தை விட்டு, முதன்மைப் பட்டங்களில் எல்லாரையும் முந்தி நிற்கிறார். துரோணர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்த ஏகலைவன் வில்லுக்குப் பதில் இப்பந்தை எடுத்திருந்தால், தட்சிணையால் அவனுக்கு நட்டமே இல்லை. இதைக் கேட்டதும் தம்பி இருகை ஆட்டத்துக்கு மாறினான். பெல்மாண்டியிடம் இருந்து அவனிடம் இல்லாதது கட்டைவிரல் தொடர்பானது அன்று என்பது விரைவில் தெரிந்தது.

முடிவுகள்

கூடம் கோணல்தான். பந்து குடிப்பதும் உண்மைதான். பழமொழிப் பெண்ணின் மீது சுமத்தப்பட்ட நெடுங்காலப் பழி போலிங் கூடத்தைப் பொறுத்தவரை நீக்கப்படுகிறது. அணியின் தோல்விக்கு அணியைத் தவிர மற்ற யாவும் காரணம் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

மேலாய்வுக்கு உரியவை

லீக் முறையில் இரு அணிகள் அடுத்தடுத்த இரண்டு தடங்களைப் பகிர்ந்துகொண்டு, ஃபிரேம் எனப்படும் சுற்றுக்குச் சுற்று தடம் மாறி ஆடுகின்றன. இவ்வேட்டைப் படித்து முடித்த அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஏம்ப்பா, ஜெயிச்சவங்களும் அதே எண்ணெயிலதானே போட்டாங்க?” என்றார். எதிரணியின் தரவுகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. எனவே அக்கேள்வி வருங்கால ஆய்வாளர்களுக்கு விடப்படுகிறது.