தொட்டுப் பார்க்கலாமா?

கே: அருங்காட்சியகங்கள் லோகோவையும் எழுத்துருவையும் மாற்றுகின்றனவே, பார்வை குறைந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், கல்பாத்தி

ப: படிக்க முடிந்தால் பயன்தான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அளவுகோல். சாம்பல் மேல் வெளிர்சாம்பலில் அச்சடித்துவிட்டு 'நவீனம்' என்பவர்கள் கவனிக்க! ஆனால் லோகோ வாசல்வரைதான் கூட்டிவரும். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் 'அனுபவ்' கூடத்தைத் திறந்தது. அங்கே கலைப்பொருள்களின் நகல்களைத் தொட்டுப் பார்க்கலாம், பிரெயிலில் படிக்கலாம், ஒலிக்குறிப்பு கேட்கலாம். உங்கள் ஊர் ரதோத்ஸவத்தில் தேர்வடம் பிடிக்கக் கண்ணா வேண்டும்? கை போதுமே! கலைக்கும் அப்படியொரு வடம் விட்டால், 'தொடாதே' பலகை எழுதுகிறவருக்கு மட்டும்தான் வேலை போகும்.